சினை மீனும் எக்ஸெல் ஷீட்டும்

கோக்கனி மீன் பிடிக்கப் போகும் ஏரியை, குஞ்சு விட்ட கணக்கைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதில் எனக்கும் என் நண்பருக்கும் சண்டையே கிடையாது. அந்தக் கணக்கை எப்படிப் படிப்பது என்பதில்தான் சண்டை. அவர் சியாட்டில் பக்கத்துப் பெல்வியூவில் இருக்கிறார், டேட்டாபேஸ் வேலை, எதையும் அட்டவணையாக்கி, பெரிய எண்ணிலிருந்து சின்ன எண் வரை வரிசைப்படுத்திப் பார்க்காவிட்டால் தூக்கம் வராது. வாஷிங்டன் மாநில மீன், வனவிலங்குத் துறை எந்த ஏரியில், என்ன மீன், எத்தனை, எந்தத் தேதியில் விட்டது என்பதையெல்லாம் பொதுவில் போட்டு வைத்திருக்கிறது. அதை இறக்கி, கோக்கனியை மட்டும் வடிகட்டி, எண்ணிக்கைப்படி அடுக்கி, முதலில் நிற்கும் ஏரிக்குப் படகைக் கட்டிக்கொண்டு போவது அவர் வழக்கம். "பாஸ், டேட்டா பொய் சொல்லாது" என்பார். சொல்லாதுதான். ஆனால் நாம் எதைக் கேட்டோமோ அதற்குத்தான் அது பதில் சொல்லும், நாம் கேட்க நினைத்ததற்கு இல்லை. இது எனக்கு ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டே இருந்தது.

கோக்கனி என்பது கடலுக்கே போகாத சாக்கை சால்மன். அதே இனம்தான், ஏரியிலேயே பிறந்து, ஏரியிலேயே வளர்ந்து, முட்டையிட்டுச் செத்துப்போகும். உருவம் சின்னது. ஆனால் சதை அதே செக்கச்சிவப்பு, அதே கொழுப்பு. ட்ரௌட் மீன்கள் மாதிரி பூச்சி, புழு, சின்ன மீன் என்று கிடைத்ததைத் தின்னாது. தண்ணீரில் மிதக்கும் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத நுண்ணுயிர்களை, முக்கியமாக டாஃப்னியா என்ற தண்ணீர்ப் பேன்களை, தின்று வாழும். அதனால்தான் இதைப் பிடிக்க டாட்ஜர் என்று ஒரு பளபளக்கும் தகட்டை ஆட்டிக்கொண்டே இழுத்துப்போய், கணவாய் மாதிரி இருக்கும் இளஞ்சிவப்பு ரப்பர் ஹூச்சி, அதன் முள்ளில் டூனா எண்ணெயில் ஊறவைத்த வெள்ளைச் சோளம் என்று கோமாளித்தனமாக ஏதேதோ செய்ய வேண்டியிருக்கிறது. பசியில் கடிப்பதைவிட எரிச்சலில் கடிப்பதுதான் அதிகம் என்று இங்கே பழைய ஆட்கள் சொல்வார்கள். வாய் வேறு மெல்லிசு, கொஞ்சம் வேகமாக இழுத்தால் கிழிந்துகொண்டு போய்விடும்.

சரி, கணக்குக்கு வருவோம்.

நண்பரின் பழக்கம் ரெயின்போ ட்ரௌட்டிலிருந்து வந்தது. அங்கே அது மிகச் சரியான பழக்கமும் கூட. இங்கே ஏப்ரல் மாத நான்காவது சனிக்கிழமை தாழ்நில ஏரிகள் மீன்பிடிக்கத் திறக்கும். அதற்குச் சில வாரங்களுக்கு முன்னாலிருந்தே துறையின் லாரிகள் வந்து, சட்டியில் போடுகிற அளவுக்கு வளர்த்த ரெயின்போவைக் கொட்டிவிட்டுப் போகும். அந்த அட்டவணையில் 'ஒரு பவுண்டுக்கு எத்தனை மீன்' என்று ஒரு பத்தி இருக்கும். ரெயின்போவுக்கு அதில் 2, 3 என்று போட்டிருந்தால் ஒவ்வொன்றும் கால் கிலோவுக்குக் குறைவாக, உடனே பிடிக்கத் தகுந்த மீன். நேற்று ஐயாயிரம் விட்டார்கள் என்றால் இன்று ஏரியில் கிட்டத்தட்ட ஐயாயிரம் இருக்கிறது. எண்ணைப் பார்த்துப் போகலாம், தப்பே இல்லை.

அதே பத்தியைக் கோக்கனி வரிசையில் பாருங்கள். நூற்றுக்கணக்கில் இருக்கும். ஒரு பவுண்டில் சில நூறு மீன் என்றால் ஒவ்வொன்றும் ஒன்றிரண்டு கிராம். கரப்பான்பூச்சியை விடக் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான். இந்த வசந்தத்தில் விட்ட அந்தக் குஞ்சு இந்தக் கோடையில் யார் தூண்டிலுக்கும் வராது. அடுத்த கோடையில் அரைகுறை. அதற்கும் அடுத்த கோடையில்தான் மீன் என்று சொல்லும்படி ஆகும். அதாவது 2023 வசந்தத்தில் விட்டதை 2025 கோடையில் பிடிக்கிறோம், குளிர்ந்த, சத்துக் குறைந்த ஏரியாக இருந்தால் 2026 வரைகூட இழுக்கும். அப்புறம் அந்த இலையுதிர் காலத்தில் அது முட்டையிட்டுச் செத்துவிடும், மிச்சம் கிடையாது. ஒரு வருடம் குஞ்சு விடாமல் போனால் அந்த ஓட்டை இரண்டு வருடம் கழித்து நம் படகுக்கு அடியில் வந்து நிற்கும், அதை வேறு எந்த வருடத்து மீனும் முழுசாக அடைக்காது. ஆக, இந்த வருடம் எங்கே போகலாம் என்று கேட்பவர் இந்த வருடத்து வரிசையைப் பார்ப்பதில் பொருளே இல்லை. இதை நண்பரிடம் சொன்னேன். உடனே ஒப்புக்கொண்டார், ஷீட்டில் இரண்டு வருடம் தள்ளிப் போட்டார், மறுபடியும் பெரிய எண்ணிலிருந்து அடுக்கினார். முதலில் வந்த ஏரிக்குப் போனோம்.

ஏரியின் பெயர் வேண்டாம், அதன் மேல் எந்தத் தவறும் இல்லை.

அத்தை சொன்னது

போனது ஆகஸ்டில். வெயில் ஏறினால் மேல்தண்ணீர் சூடாகி கோக்கனி கீழே இறங்கிவிடும், பத்திலிருந்து பதின்மூன்று டிகிரி செல்சியஸ் உள்ள குளிர் அடுக்கைத் தேடி, பல ஏரிகளில் ஐம்பது அறுபது அடி ஆழத்துக்கு. டவுன்ரிக்கரில் இரும்புக் குண்டைக் கட்டி தூண்டிலை அந்த ஆழத்துக்கு இறக்கி, நடக்கிற வேகத்தைவிட மெதுவாகப் படகை ஓட்டினோம். கடி வந்துகொண்டே இருந்தது. அன்றைக்கு அனுமதித்த அளவு ஒன்பது மணிக்கெல்லாம் நிறைந்துவிட்டது. நண்பர் ஷீட்டைத் தடவிக் கொடுக்காத குறை. ஆனால் மீன் ஒவ்வொன்றும் ஒன்பது அங்குலம், பத்து அங்குலம். என்ன இது என்று கேட்டால் அவரிடம் பதில் தயாராக இருந்தது: "இது சின்ன வயசு பாஸ், போன வருஷம் விட்ட குஞ்சா இருக்கும். அடுத்த வருஷம் வாங்க, இதெல்லாம் பதினஞ்சு அங்குலம் நிக்கும்." கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. எனக்கு மட்டும் எதுவோ இடித்தது, என்னவென்று சொல்லத் தெரியவில்லை.

அந்தக் கோடையில் கடலூரிலிருந்து அத்தை வந்திருந்தார், மனைவியின் அம்மா. ஐம்பது வருடம் துறைமுகத்தில் மீன் வாங்கியவர். இந்த ஊர்க் கடைகளில் தலையும் வாலும் இல்லாமல் பிளாஸ்டிக்கில் சுற்றிக் கிடப்பதைப் பார்த்து நொந்து போயிருந்தவருக்கு, முழு மீனாகப் பார்த்ததும் முகமே மாறிவிட்டது. கத்தியை யாரிடமும் கொடுக்காமல் தொட்டியருகே உட்கார்ந்து தானே கழுவ ஆரம்பித்தார். நான் பக்கத்தில் நின்று, இதெல்லாம் குஞ்சு அத்தை, இன்னும் ஒரு வருஷம் போனால் நல்லா வளரும் என்று நண்பரின் வசனத்தை அப்படியே ஒப்பித்தேன். அவர் வயிற்றைக் கீறி உள்ளேயிருந்து எடுத்துக் காட்டினார். "குஞ்சுன்னு யாரு சொன்னது மாப்ள? சினை கட்டியிருக்கு பாருங்க. இதுக்கு மேல இது எங்க வளரப் போவுது?"

அடுத்ததிலும் சினை. அதற்கடுத்தது ஆண், பால் பை முற்றியிருந்தது. பத்து அங்குலத்துக்குள் முழு வாழ்க்கையும் முடித்துவிட்ட மீன்கள் அவை. அந்த இலையுதிர் காலத்தில் முட்டையிட்டுவிட்டுச் சாகப் போகிறவை. அடுத்த வருடம் என்பதே அவற்றுக்குக் கிடையாது. கோக்கனியைப் பொறுத்தவரை ஆகஸ்டில் சினை முற்றியிருந்தால் அது போட்டிருக்கும் சட்டைதான் கடைசிச் சட்டை. இந்த ஏரியில் மீன் சின்னதாக இருப்பது வயதால் இல்லை. கூட்டத்தால்.

இதற்குப் பின்னால் இருக்கும் விஷயம் மீனியலில் பழசு. 1992இல் ரீமன், மையர்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஐடஹோ மாநிலத்தின் பத்து ஏரிகளை, நீர்த்தேக்கங்களை எடுத்துக்கொண்டு பார்த்தார்கள். கோக்கனி அடர்த்தி கூடக் கூட மீனின் வளர்ச்சி குறைந்தது, ஏரியில் சத்து எவ்வளவு என்பதும் கூடவே சேர்ந்து முடிவைத் தீர்மானித்தது. யோசித்தால் எளிது. தண்ணீர்ப் பேன் இவ்வளவுதான், அதைத் தின்ன வருகிற வாய் எத்தனை என்பதுதான் கேள்வி. ரெயின்போ பொரிப்பகத்திலேயே வளர்ந்துவிட்டு வருகிறது, அதனால் அதன் எண்ணிக்கை கூடினால் நமக்கு லாபம் மட்டும்தான். கோக்கனி வளர வேண்டிய மொத்தமும் ஏரியில்தான் வளர வேண்டும், அதனால் அதன் எண்ணிக்கையில் லாபமும் நஷ்டமும் ஒட்டிக்கொண்டே வருகின்றன. நண்பர் அடுக்கிய பட்டியலில் மேலே நிற்பது 'அதிக மீன்' உள்ள ஏரியாக இருக்கலாம். அதே ஏரிதான் 'மிகச் சின்ன மீன்' பட்டியலிலும் மேலே நிற்க வாய்ப்பு அதிகம்.

இதை மீன்வள நிர்வாகிகள் நன்றாகவே அறிவார்கள். ஐடஹோவின் டெட்வுட் நீர்த்தேக்கத்தில் முட்டையிட ஓடையேறும் கோக்கனியைத் தடுப்பு போட்டு மறித்து, பொரிப்பகங்களுக்கு வேண்டிய முட்டையை எடுத்துக்கொண்டு, மேலே போகும் மீனின் எண்ணிக்கையையும் கட்டுக்குள் வைக்கிறார்கள். மிச்ச மீன் பெரிதாக வளர வேண்டும் என்பதற்காகக் குஞ்சைக் குறைக்கிறார்கள். எந்தக் குஞ்சு விட்ட அட்டவணையிலும் இந்தக் குறைத்தல் ஒரு வரிசையாக வராது.

எண்ணை எதால் வகுப்பது

அதற்குப் பிறகு நான் எண்ணைத் தனியாகப் பார்ப்பதை விட்டேன். முதல் வேலையாக ஏக்கரால் வகுக்கிறேன். லட்சம் குஞ்சு என்று ஒரு வரி இருந்தால், ஆயிரம் ஏக்கர் சொச்சம் உள்ள லேக் ஸ்டீவன்ஸ் மாதிரி ஏரியில் அது ஏக்கருக்கு நூறு. முப்பத்து மூவாயிரம் ஏக்கர் உள்ள லேக் ஷெலானில் அதே லட்சம் ஏக்கருக்கு மூன்று. (இரண்டும் உதாரணத்துக்குச் சொன்னது, அங்கே விட்ட கணக்கு அல்ல.) ஆனால் ஷெலான் ஐம்பது மைல் நீளம், 1,486 அடி ஆழம், பனி உருகிய தெளிந்த தண்ணீர். தெளிவு என்றால் கண்ணுக்கு அழகு, நுண்ணுயிருக்குப் பஞ்சம். ஆக ஏக்கரால் வகுத்த எண்ணும் முடிவல்ல. கொஞ்சம் பச்சை ஓடிய, வீடுகள் சூழ்ந்த ஏரி ஏக்கருக்கு எத்தனை வாய்க்குச் சோறு போடுமோ, அதில் ஒரு பங்குக்குக்கூட நீலப் பளிங்கு ஏரியால் முடியாது. அழகான ஏரியில் பெரிய மீன் இருக்கும் என்று நம்புவது படம் எடுக்கப் போகிறவர்களுக்குச் சரி.

அடுத்து, முட்டை எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பது. வாஷிங்டன் மாநிலத்தின் கோக்கனி முட்டையில் பெரும்பகுதி பெல்லிங்ஹாம் பக்கத்து லேக் விட்காமிலிருந்து வருவது. ஏரியின் தெற்கு முனையில் பிரானியன் ஓடையில் ஏறி வரும் மீனைப் பிடித்து முட்டை எடுக்கிறார்கள். ஓர் இலையுதிர் காலத்தில் அங்கே மீன் சரியாக வராவிட்டால், அடுத்த வசந்தத்தில் பல ஏரிகளுக்குக் குஞ்சு சேர்ந்தாற்போலக் குறையும். துறை முன்கூட்டி வெளியிடும் ஆண்டுத் திட்டத்தில் ஓர் எண், உண்மையில் விட்ட பதிவில் வேறோர் எண் என்று இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். திட்டத்தை வைத்து முடிவெடுப்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களைப் பார்த்தால் கல்யாணப் பத்திரிகையைப் பார்த்தே மொய் கணக்கு எழுதுகிறவர்கள் நினைவுக்கு வருகிறார்கள். விட்ட பதிவைத்தான் பார்க்க வேண்டும். மெலிந்த வருடம் ஒன்று கண்ணில் பட்டால் எனக்கு இப்போது ஏமாற்றம் வருவதில்லை, இரண்டு வருடம் கூட்டி நாட்காட்டியில் குறித்துக்கொள்கிறேன்.

அப்புறம், அட்டவணையிலேயே இல்லாத ஏரிகள். எங்கள் மாநிலத்து லூயிஸ் ஆற்றின் மேல் வரிசையாக அணைகள். அதில் யேல் ஏரியின் கோக்கனி கூகர் ஓடையில் தானே முட்டையிட்டுத் தானே பெருகுகிறது. அட்டவணையை மட்டும் நம்புகிறவருக்கு யேல் ஒரு பூஜ்யம். பூஜ்யம் என்றால் மீன் இல்லை என்று அர்த்தமா, குஞ்சு விட வேண்டிய தேவை இல்லை என்று அர்த்தமா என்பதை அந்தக் கட்டம் சொல்லாது.

விட்டும் இல்லாமல் போனது

எண்ணின் மேல் எனக்கு இருந்த மிச்ச மரியாதையையும் குறைத்தது மொன்டானாவின் ஃபிளாட்ஹெட் ஏரியின் கதை. 1916இல் அங்கே கோக்கனியை விட்டார்கள். பெருகியது. இலையுதிர் காலத்தில் கிளேசியர் தேசியப் பூங்காவின் மெக்டொனால்ட் ஓடையில் அவை முட்டையிட ஏறும், அதைத் தின்ன வெண்தலைக் கழுகுகள் நூற்றுக்கணக்கில் வந்து மரமெல்லாம் உட்காரும், 1981இல் ஒரே சமயத்தில் 639 கழுகுகளை எண்ணியிருக்கிறார்கள். மீனை இன்னும் பெரிதாக்கலாம் என்ற நல்ல எண்ணத்தில் 1968க்கும் 1975க்கும் இடையில் அந்த நீர்ப்படுகையின் மேல் ஏரிகளில் மைசிஸ் என்ற ஒரு சிறிய இறாலைக் கொண்டுவந்து விட்டார்கள். கனடாவின் கூட்னி ஏரியில் 1949இல் இதே இறாலை விட்டதும் அதன் மேற்குக் கிளையில் கோக்கனி கொழுத்தது, அதைப் பார்த்துத்தான் இந்த ஆசை. ஆனால் அங்கே கொழுத்ததற்குக் காரணம் அந்தக் கிளையின் வாசலில் இருந்த ஆழமற்ற மேடு. நீரோட்டம் இறாலை ஆழத்திலிருந்து மேலே தூக்கி, மீனின் வாய்க்கு நேராகக் கொண்டுவந்து கொடுத்தது. மற்ற ஆழ ஏரிகளில் இந்த இறால் பகலெல்லாம் இருட்டான அடித்தளத்தில் பதுங்கியிருக்கும், கோக்கனி கண்ணில் படாது. இரவில் மேலே வந்து கோக்கனி தின்ன வேண்டிய தண்ணீர்ப் பேனை எல்லாம் அதுவே தின்றுவிட்டுப் போகும்.

1981இல் இறால் ஃபிளாட்ஹெட் ஏரிக்கு வந்து சேர்ந்துவிட்டது. அடித்தளத்தில் அதைத் தின்று லேக் ட்ரௌட் என்ற பெரிய வேட்டை மீன் பெருகியது, பெருகிய அது கோக்கனியையும் தின்றது. லட்சக் கணக்கில் ஓடையேறிய மீன் 1989இல் ஐம்பது அளவில் வந்து நின்றது. கழுகுகளும் போய்விட்டன. சரி, திரும்ப விட்டுப் பார்ப்போம் என்று 1993 முதல் 1997 வரை பொரிப்பகத்தில் வளர்த்த கோக்கனியைப் பெரிய அளவில் கொட்டினார்கள். லேக் ட்ரௌட் தின்று தீர்த்தது, திட்டத்தைக் கைவிட்டார்கள். அந்த ஐந்து வருடத்துப் பதிவை மட்டும் ஒருவர் கையில் கொடுத்தால், வட அமெரிக்காவின் மிகச் சிறந்த கோக்கனி ஏரி இதுதான் என்று அவர் படகைக் கட்டியிருப்பார்.

இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை, எங்கள் வீட்டுப் பக்கத்திலேயே ஒன்று இருக்கிறது. ரெட்மண்டுக்கும் இசாக்குவாவுக்கும் நடுவே கிடக்கும் லேக் சமாமிஷ். அதைச் சுற்றி எத்தனை தமிழ்க் குடும்பங்கள் என்று சொல்லத் தேவையில்லை, வார இறுதியில் அதன் கரைப் பூங்காக்களில் புளியோதரை வாசம் வராத நாள் இல்லை. அதில் ஆதியிலிருந்தே கோக்கனி உண்டு. போன நூற்றாண்டில் பல பத்தாண்டுகள் அதன் மேல் விட்காம் குஞ்சுகளையும் கொண்டுவந்து கொட்டியிருக்கிறார்கள். பிற்பாடு மரபணுவைச் சோதித்துப் பார்த்தபோது ஏரியில் மிஞ்சியிருந்தது பழைய சொந்தக் கூட்டம்தான், விட்காம் வழி அல்ல. கொட்டியதெல்லாம் எங்கே போனது? இசாக்குவா ஓடையில் கோடை முடிவில் ஏறிய முதல் பருவக் கூட்டம் அழிந்தே போயிற்று, மிஞ்சிய கடைசிப் பருவக் கூட்டத்தைச் சில சிற்றோடைகளில் கைப்பிள்ளையாக வைத்துக் காப்பாற்றப் பார்க்கிறார்கள். அங்கே கோக்கனி மாட்டினால் வைத்துக்கொள்ளக் கூடாது, விட்டுவிட வேண்டும். அங்கே இன்றும் குஞ்சு விடுகிறார்கள், நாம் பிடிப்பதற்காக இல்லை. அட்டவணையில் இரண்டு காரணத்துக்கும் ஒரே மாதிரி வரிசைதான்.

இதையெல்லாம் நண்பரிடம் ஒரு மாலை முழுக்கச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். அவர் சொன்ன பதிலையும் நேர்மையாகப் பதிவு செய்ய வேண்டும். "பாஸ், எனக்கு ரெண்டு பசங்க. ஒருத்தனுக்கு ஏழு, ஒருத்தனுக்கு அஞ்சு. பதினெட்டு அங்குல மீனுக்காக மதியம் வரைக்கும் கடியே இல்லாம ஒரு படகுல அவனுங்களோட உக்காந்து பாருங்க, அப்புறம் பேசலாம்." இதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. கூட்டமான ஏரி என்பது அவருக்குச் சரியான ஏரிதான், கால் மணிக்கு ஒரு கடி, பையன்கள் கத்துவார்கள், மீன் ஒன்பது அங்குலம் என்பது அவர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. அவர் இப்போதும் பெரிய எண்ணிலிருந்துதான் அடுக்குகிறார், ஏக்கரால் வகுத்த பத்தியை மட்டும் சேர்த்திருக்கிறார். நான் அதே ஷீட்டைத் தலைகீழாக அடுக்கி, அடியிலிருந்து நாலாவது ஐந்தாவது ஏரியைப் பார்க்கிறேன், இரண்டு வருடத்துக்கு முன் மெலிந்த வரிசை, கொஞ்சம் பச்சைத் தண்ணீர், லேக் ட்ரௌட் இல்லை என்று மூன்றும் சேர்ந்து வந்தால் போவேன். சில நாள் வெறுங்கையோடு வருவேன். கிடைத்தால் முழங்கை நீளம்.

ஜூனில் அத்தை மறுபடி வருகிறார். போனில் பேசும்போது, இந்தத் தடவை நல்ல பெரிய மீனாகப் பிடித்துத் தருகிறேன் என்றேன். வேண்டாமாம். பெரிசு குழம்புக்கும் ஆகாது, வறுவலுக்கும் ஆகாது, இந்த ஊர் மீனுக்குச் சதை ரொம்ப மெத்து, போன தடவை கொண்டுவந்த சினை மீன்தான் எண்ணெயில் போட்டால் மொறுமொறுவென்று வந்தது, அந்த ஏரிக்கே போங்க மாப்ள என்கிறார். நண்பரிடம் இதை நான் இன்னும் சொல்லவில்லை.